பேனட்டுக்குள் வைத்த பொட்டு

செருப்பை அங்கியே கழட்டிப்போட்டு வாங்க தம்பி. கார் செட்டுதானே, இதுக்கு என்னத்துக்குன்னு பாக்கறீங்களா? உங்களுக்குச் செட்டு. எனக்கு அப்படி இல்லை. எங்கூட்டுக்காரர் இருந்த வரைக்கும் ஒருத்தர் இதுக்குள்ள செருப்புக் காலோட வந்ததில்லை. உங்களுக்கு முன்னால மூணு எலெக்ட்ரீசியன் வந்தானுங்க. மூணு பேத்தையும் வாசல்லயே கழட்டச் சொன்னேன். அதுல ஒருத்தன் மூஞ்சியச் சுழிச்சான். மூஞ்சி எப்படியோ அப்படியேதான் அவன் வேலையும் இருந்துச்சு.

இருங்க, வந்ததும் வராததுமா பேனட்டைத் தூக்காதீங்க. டாக்டர்கிட்டப் போனாக்கூட மொதல்ல என்ன பண்ணுதுன்னு கேக்கறாங்கல்ல? நானு சொல்றேன், காது குடுத்துக் கேளுங்க. பழைய அம்பாசிடர்னா உடுமலையில நீங்கதான்னு எங்க அண்ணன் சொன்னாரு, அதுக்குத்தான் ஆள் உட்டுக் கூப்பிட்டேன். இல்லீன்னா உங்க சங்காத்தமே எனக்கு வேண்டாம். எலெக்ட்ரீசியன்னாலே எனக்கு வயிறு எரியுதுங்க.

நாளைக்குக் காலையில பத்து மணிக்கு இந்த வண்டி தாராபுரத்துல நிக்கோணும். அங்க ஒரு மண்டபத்துல ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் உக்காந்து எம்பையன் லோகநாதன் கல்யாணத்தைப் பேசி முறிச்சு உடப் போறாங்க. ஆமாங், முறிக்கத்தான். சேத்து வெக்க இல்லை. அங்க நானு பஸ்ல போய் எறங்குனேன்னு வைங்க, சம்பந்தியம்மா பல்லைக் காட்டுவா. வாடகைக் கார்ல போனாலும் காட்டுவா. "பெரிய கார் ஊடுன்னாங்களே, அந்தக் கார் எங்க?"ன்னு கேப்பா. அதனால இந்த வண்டியிலதான் போகோணும். எங்கூட்டுக்காரர் வண்டியில, முன் சீட்ல உக்காந்து போய் எறங்கோணும்.

என்ன பண்ணுதுன்னா, செல்ஃப் எடுக்குதுங்க. கர்ருகர்ருன்னு அடிக்குது, கிளம்ப மாட்டேங்குது. பேட்டரி புதுசு. பெட்ரோல் இருக்குது. அதெல்லாம் பாத்தாச்சு, நீங்க மறுபடி ஆரம்பத்துல இருந்து ஆரம்பிக்காதீங்க.

எப்பவுமான்னு கேக்கறீங்களா? எப்பவும் இல்லீங், அதுதான் விசயமே. லோகு தெனமும் தேங்காக் களத்துக்கு இதுலதான் போறான், வர்றான். நேத்துச் சாயங்காலம்கூட நல்லாத்தான் வந்து நின்னுச்சு. சும்மா நாள்ல ஓடுது தம்பி. நல்ல காரியம்னு ஒண்ணு வந்து, அவ இதுல ஏறுனாப் போதும், செத்த பொணமாட்டக் கெடக்குது.

அவ ஆருன்னா, எம்மருமக. கோகிலவாணி. வாணீன்னு கூப்பிடுவோம், கூப்பிட்டுட்டு இருந்தோம்.

கதை கேக்கறதுக்கு வரலைன்னு உங்க மூஞ்சியே சொல்லுது. ஆனா இதுல கதை வேற வண்டி வேற இல்லீங்க. எம்பையனுக்கு முப்பத்திமூணு வயசு வரைக்கும் பொண்ணு அமையல. எங்க பக்கத்துல பொண்ணுக்கு எப்படிப் பஞ்சம்னு உங்களுக்கும் தெரியும். அஞ்சு வருசம் ஜாதகத்தைத் தூக்கீட்டு நானு ஏறாத ஊடு இல்லை. தோப்பு இருக்குது, காரை ஊடு இருக்குது, கார் இருக்குது. இருந்தும், பையன் வெளியூர்ல வேலையில இல்லையான்னு கேட்டுப்போட்டு ஜாதகத்தைத் திருப்பிக் குடுத்தாங்க. கடைசியில தாராபுரத்துல ஒரு எடம் தகைஞ்சுது. பொண்ணோட அப்பன் மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வெச்சிருக்கறான். நாங்க பொண்ணு எடுக்கற எடமாங்க அது? எடுத்தேன். வேற வழியில்லாம எடுத்தேன். அந்தப் புள்ளையும் பாலிடெக்னிக்ல கரண்ட்டுப் படிப்புப் படிச்சுப்போட்டு, அப்பன் கடையில உக்காந்து காயில் சுத்தீட்டு இருந்தவதான். பொண்ணு பாக்கப் போன அன்னைக்குக் காப்பித் தட்டை நீட்டுனா, வெரல் பூராவும் கம்பி கிழிச்ச கோடு. அப்பவே எனக்கு மனசுக்கு ஆகலை.

கல்யாணத்தன்னைக்குத்தான் மொதல்ல ஆரம்பிச்சுது. மண்டபத்துக்குப் போறப்ப வண்டி நல்லாப் போச்சு. தாலி கட்டி, சாப்பாடு முடிஞ்சு, பொண்ணு மாப்பிள்ளைய ஏத்தறோம். எண்ணூறு பேரு வாசல்ல நிக்கறாங்க. சாவியத் திருப்புனா கர்ரு கர்ரு, அவ்வளவுதான். கடைசியில பொண்ணு ஊட்டு ஆளுங்க வேட்டிய மடிச்சுக் கட்டீட்டு வண்டியத் தள்ளுனாங்க. மணப்பொண்ணை உள்ள உக்கார வெச்சு, மாலையோட, சந்தைக்குப் போற தள்ளுவண்டியாட்டத் தள்ளுனாங்க தம்பி. அப்படித் தள்ளியும் கிளம்பல. எங்க அண்ணன் கார்லதான் ஊட்டுக்குக் கூட்டீட்டு வந்தோம். வர்ற வழி பூராவும் எங்கூட்டுக்காரரோட தங்கச்சி எங்காதுல ஓதுனா. "அண்ணி, நம்ம வண்டி ஒரு நாளாச்சும் நின்னிருக்குதா? இவ கால் வெச்சதும் நின்னு போச்சே"ன்னு. அவ சொன்னது தப்புன்னு எனக்குத் தோணலை.

அப்பறம் மறுவூட்டு விருந்துக்குக் கெளம்புனோம், நின்னுச்சு. பழனிக்குக் கெளம்புனோம், நின்னுச்சு. எங்க அண்ணன் மகளுக்குச் சீர், தட்டெல்லாம் டிக்கியில அடுக்கியாச்சு, நின்னுச்சு. மறுநா காலையில களத்துக்குன்னா ஒரே சாவியில கிளம்புது. இதுக்கு என்னங்க அர்த்தம்? உங்க படிப்புல இதுக்குப் பேரு இருக்குதா?

அவ இல்லாம ஒரு நல்ல காரியத்துக்குப் போய்ப் பாத்தீங்களான்னு கேக்கறீங்க. நல்லாக் கேட்டீங்க. கல்யாணமாகிப் புதுசா வந்தவள ஊட்டுல உட்டுப்போட்டு எந்த நல்ல காரியத்துக்குப் போறது?

மொதல்ல வந்த எலெக்ட்ரீசியன் பாயிண்ட்டு போச்சுன்னான், மாத்துனான். கண்டன்சரையும் மாத்துனான். அன்னைக்குக் கிளம்புச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை நின்னுச்சு. ரெண்டாவது ஆளு காயில்னான். பழைய காயிலை அதா அந்த மூலையில போட்டிருக்கறேன் பாருங்க, அவன் மூஞ்சியில எறியறதுக்குன்னே வெச்சிருக்கறேன். மூணாவது ஆளு ஒயரிங்கு பூராவும் பழசு, எலி கடிச்சிருக்குதுன்னு சொல்லி, மொத்தத்தையும் உருவிப்போட்டுப் புதுசா இழுத்தான். அவன்தான் மூஞ்சியச் சுழிச்சவன். வேலைய முடிச்சுப்போட்டுப் போறப்ப வாசல்ல நின்னு சொல்றான், "அம்மா, பொட்டு மட்டும் பேனட்டுக்கு மேல வெச்சுக்கங்க. உள்ள வெக்காதீங்க"ன்னு. ஏண்டா, எங்க ஊட்டு வண்டிக்கு எங்க பொட்டு வெக்கோணும்னு நீ சொல்றியான்னு கேட்டேன். சாமி இல்லைங்கற கூட்டத்துல இருப்பானாட்டம் இருக்குது. அப்பறம் அவனை நானு கூப்பிடவே இல்லை.

சரி, இப்பத் தொறங்க. பாத்துத் தூக்குங்க, அந்தக் கம்பிய முட்டுக் குடுங்க. ஆமாங், நானு வெச்சதுதான். எல்லாம் இன்னிக்குக் காலையில வெச்சது. வெள்ளிக்கிழமையில்லீங்களா? நாளைக்குப் போற காரியம், இன்னிக்கே கும்புட்டுப்போடலாம்னு மஞ்சத்தண்ணி தெளிச்சு, சந்தனம், குங்குமம், துன்னூறு எல்லாம் பூசுனேன். அந்தா, தேங்காக் கொட்டாங்குச்சியக் கவுத்தாப்புல கறுப்பா ஒண்ணு, தலையில அஞ்சு ஒயரு மொளைச்சு நிக்குது பாருங்க, அதுதானே வண்டிக்கு உசுருங்கறாங்க. அதுக்குத்தான் எப்பவும் கொஞ்சம் எச்சா வெப்பேன். அதுக்கப்பறம் லோகு சாவி போட்டான், கிளம்பல.

என்னுங்க? அவதான் இப்ப இந்த ஊட்டுல இல்லையே, இன்னிக்கு ஏன் கிளம்பலைன்னா கேக்கறீங்க? அவ துணிமணி எல்லாம் பீரோவுல அப்படியே கெடக்குதே! ஆளு போனாப் போதுங்களா?

சிரிக்காதீங்க தம்பி. எனக்குச் சிரிக்கறவங்களக் கண்டா ஆகாது.

அவளும் இப்படித்தான் சிரிச்சுப்போட்டு ஆரம்பிச்சா. மூணு மாசத்துக்கு முன்னால, இதே மாதிரி ஒரு வெள்ளிக்கிழமை. பொள்ளாச்சியில ஒரு கிரகப்பிரவேசம். வண்டி கிளம்பல. நானு வெளிய வந்து பாக்கறேன், பட்டுச் சீலையைத் தூக்கிச் சொருகீட்டு பேனட்டைத் தொறந்து வெச்சு நிக்கறா. எம்பையன் பக்கத்துல கையக் கட்டீட்டு நிக்கறான், பொண்டாட்டி பாடம் நடத்தறா. என்னையப் பாத்ததும் சிரிச்ச மொகமா, "அத்தை, கண்டுபுடிச்சுட்டேனுங்க. பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட்டு, இந்தக் கறுப்பு மூடி மேல ஈரச் சந்தனமும் துன்னூறும் இருக்கறதுனால அது வழியாவே வெளிய எறங்கிருது. ஈரம் காஞ்சா மறுநா கிளம்பிருது. அதுதானுங்க நல்ல நாளாப் பாத்து நிக்குது"ன்னா. நானு வாயத் தொறக்கறதுக்குள்ள முந்தானையில அந்தப் பொட்டை அழிச்சா. அழுத்தி, சுத்தி, ஒரு புள்ளி மிச்சமில்லாம அழிச்சா.

வெள்ளிக்கிழமை, தாலி கட்டிக்கிட்டவ, பொட்டை அழிக்கறா. எம்பையன் ஓட்டற வண்டிக்குப் பொட்டழிச்சா எம்பையனுக்கு என்ன ஆகும்? அது அவளுக்குத் தெரியாதா? தெரியும்னுதான் நானு சொல்றேன்.

உங்களுக்குத் தெரியாது தம்பி, பொட்டழிக்கறது எப்படி இருக்கும்னு. அவர் போய் ஆறு வருசமாச்சு. பதினாறாம் நாளு என்னைய நடுவுல உக்கார வெச்சாங்க. ஆறு பொம்பளைங்க சுத்தி நின்னாங்க. அதுல ஒருத்தி ஈரத்துணியில எந்நெத்தியத் தேச்சா. ஒரு தடவை தேச்சாப் போகாதுங்களா? தோலு எரியற வரைக்கும் தேச்சா. அன்னையில இருந்து ஒரு நல்ல காரியத்துல எங்கைய நீட்ட முடியுதுங்களா? எம்பையன் கல்யாணத்துக்கே, கார்ல பொண்ணை ஏத்தறதுக்கு முன்னால பேனட்டுல பொட்டு வெக்கக் கூப்பிட்டது ஆரை? அந்த நாத்தனாளை. "நீங்க ஒதுங்கி நில்லுங்க அண்ணி"ன்னா. அவர் வாங்குன வண்டி. தெனமும் காலையில நானு தண்ணி ஊத்த, அவர் தொடச்ச வண்டி. ஒதுங்கி நின்னேன். எல்லாரும் போட்டோ எடுக்கப் போன சமயம் பாத்து, ஆருக்கும் தெரியாம பேனட்டைத் தொறந்து உள்ள வெச்சேன். உள்ள வெச்சா எவளுக்குங்க தெரியப் போகுது? அன்னைக்குத்தான் மொதத் தடவை. அப்பறம் நல்ல காரியத்துக்கு எங்கியாச்சும் கெளம்பற அன்னைக்கெல்லாம், எங்கையால வெச்சேன். இந்த ஊட்டுல நானு பொட்டு வெக்கறதுக்குன்னு இருந்த எடம் அது ஒண்ணுதான். அதைப் போய் அவ முந்தானையில அழிச்சா.

அப்ப எனக்கு என்ன வந்துச்சுன்னு தெரியல. முட்டுக் குடுத்திருந்த கம்பியத் தட்டி உட்டேன். பேனட்டு உழுந்துச்சு. அவ கை உள்ள இருந்ததை நானு பாக்கலீங். பாத்துத்தான் தட்டுனேன்னு அவ சொல்றா. ரெண்டு வெரலு நசுங்குச்சு, ஒரு நகம் போச்சு. நகம்தானுங்க. மொளைக்காதா? அதுக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு, அன்னைக்குப் பொழுதோட பஸ் ஏறிப் போயிட்டா. எம்பையன் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் பையத் தூக்கீட்டுப் போனான், திரும்பி வந்தான். அன்னையில இருந்து எங்கூட ஒரு வார்த்தை எச்சாப் பேசறதில்லை. சோறுன்னா சோறு, தண்ணின்னா தண்ணி.

அவ அழிச்சதுக்கு அப்பறம் வண்டி கிளம்புச்சான்னா கேக்கறீங்க? எங்க உட்டேன்? அவ அழிச்ச கையோட நானு மறுபடி மஞ்சத்தண்ணி தெளிச்சுப் பொட்டு வெச்சுட்டேன். லோகு சாவி போட்டான், கிளம்பல. "பாத்தியாடா, ஈரமாம், கரண்ட்டாம்"னேன். சாவிய உருவீட்டு உள்ள போயிட்டான்.

இப்பத் தூது உட்டிருக்கறா. அவளுக்குச் சீர் வேண்டாமாம், மன்னிப்பு வேண்டாமாம், வெரலைப் பத்திப் பேச்சே வேண்டாமாம். மண்டபத்துல எல்லாருக்கும் முன்னால நானு ஒண்ணே ஒண்ணு சொல்லோணுமாம். "வண்டி நின்னது இந்தப் புள்ள ராசியினால இல்லை"ன்னு. அதைச் சொன்னா அன்னைக்கே கெளம்பி வந்தர்றாளாம். எப்படி இருக்குது பாருங்க! ஊர் பூராவும் நானே சொல்லி வெச்சதை நானே இல்லைங்கோணுமாம். உசுரு போனாலும் சொல்ல மாட்டேன். எனக்கு அவளைப் புடிக்கலீங்க. மூடி மறைக்கறதுக்கு இதுல என்ன இருக்குது? புடிக்கல.

ஏனுங், என்ன பண்றீங்க? அந்த மூடிய எதுக்குக் கழட்டறீங்க? தம்பி, தொடைக்காதீங்க! இத்தனை நேரம் நானு செவுத்துக்கிட்டயா சொல்லீட்டு இருந்தேன்? வெள்ளிக்கிழமைங்க! துன்னூறை மட்டும் தொடைங்க, குங்குமத்தை உட்டுருங்க. குங்குமத்தை உடுங்கன்னு சொல்றேன்! அட, உள்பக்கமும் எதுக்குத் தொடைக்கறீங்க? ஒயரு மொனையெல்லாம் எதுக்கு? நீங்களும் அந்தக் கூட்டம்தானா?

தொடச்சுப்போட்டீங்க. சரி. இனி எது நடந்தாலும் அது உங்க தலையில.

எதுக்கு இப்ப அவனைக் கூப்பிடறீங்க? நீங்களே சாவி போடுங்களேன். லோகு, நீ உள்ள போடா, பனியனோட வந்து நிக்கறே. சரி, உக்காரு. போடு. போட்டுப் பாரு. உங்க ரெண்டு பேருக்கும் ஆசை தீரட்டும்.

ஓடுது.

ஒரே சாவியில ஓடுது.

தம்பி, இங்க கொஞ்சம் கிட்ட வாங்க. இந்தச் சத்தத்துல அவனுக்குக் கேக்காது. காயில் போச்சுன்னு சொல்லிருங்க. அவன் கேட்டா, போன தடவை போட்ட காயில் மட்டம், அதைத்தான் இப்பச் சரி பண்ணுனேன்னு சொல்லிருங்க. அந்த மூலையில பழைய காயில் கெடக்குதுன்னு சொன்னேன்ல, அதை எடுத்துக் கையில வெச்சுக்கங்க. வெசையாப் போங்க. நாளைக்கு மண்டபம் முடியற வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் தெரியக்கூடாது. உங்களுக்கு இதுல என்ன போச்சு? ஒரு வார்த்தை. காயில்னு ஒரே ஒரு வார்த்தை. உங்களையும் ஒருத்தி பெத்தாள்ல?

அந்தத் துணிய மறைங்க. மஞ்சளும் செவப்புமா இருக்குது பாருங்க, மடிச்சு டவுசருக்குள்ள வைங்க. அவன் எறங்கி வர்றான்.

ஒண்ணுமில்லடா லோகு, காயிலாம். இந்த எலெக்ட்ரீசியன் அண்ணன் சொன்னாரு. சொல்லுங்க தம்பி! டேய், அது கிரீசுத் துணிடா, எதுக்குக் கை நீட்டறே? குடுக்காதீங்க. அவங்கிட்டக் குடுக்காதீங்கன்னு சொல்றேன்ல!

குடுத்துப்போட்டீங்களே.

லோகு, எதுக்குடா கேட்டைத் தொறக்கறே? மண்டபம் நாளைக்குத்தான்டா. பனியனோட எங்கடா போறே, தாராபுரத்துக்கா? அந்தத் துணிய எதுக்கு முன் சீட்ல வெக்கறே, அது நானு உக்கார்ற எடம்டா. நானும் வர்றேன், இரு. பின்னால எடுக்காதே, இரு. லோகு! டேய், நில்லுடா கண்ணு. பேனட்டைத் தொறடா. இன்னும் நானு பொட்டு வெக்கலடா.